பேன்ட் போட்டவருக்கு அனுமதி இல்லை!

நண்பர் ஒருவர் தன் கிளப்பில் நடக்கும் டின்னருக்கு அழைத்திருக்கிறார். அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று போட்டிருக்கிறது. இதற்கு அர்த்தம் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக நிற்கிறேன். மனைவி எட்டிப் பார்த்து, “பொண்ணு பார்க்கவா போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். பெண் பார்க்கப் போனபோது இவ்வளவு யோசிக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மனசைத் தேற்றிக்கொள்ள, கிளப் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெரிய மனிதரை நினைத்துக்கொண்டேன். லேசுப்பட்ட ஆள் இல்லை. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு!

இடம்: லண்டன், கிங் ஸ்ட்ரீட். 1765-ல் வில்லியம் ஆல்மாக் என்பவர் திறந்த ‘ஆல்மாக்ஸ்’ மண்டபம். சீசன் முழுக்க புதன்கிழமை ராத்திரி நடனம். பணம் இருந்தால் நுழைந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1814 வாக்கில் ஏழு சீமாட்டிகள் கொண்ட கமிட்டி ஒன்று திங்கட்கிழமை கூடி, யாருக்கு வவுச்சர், யாருக்கு ‘ஸாரி’ என்று தீர்ப்பு எழுதும். கார்ட்ஸ் படைப்பிரிவில் இருந்த முந்நூறு ஆபீசர்களில் அரை டஜன் பேருக்குத்தான் வவுச்சர் கிடைத்ததாம். ஐஐடி சீட்டே தேவலை! கமிட்டியின் பெரிய தலை ஜெர்ஸி சீமாட்டி. பட்டப்பெயர் ‘சைலன்ஸ்’. வாயை மூடவே மாட்டார் என்பதால் வைத்த பெயர்.

சரி, இத்தனை பாடுபட்டு உள்ளே போனால் சாப்பிட என்ன தருவார்கள்? மெல்லிசாக வெட்டிய ரொட்டி, வெண்ணெய், காய்ந்துபோன கேக், எலுமிச்சை ஜூஸ், டீ. மது மூச்! நம்மூரில் ஒரு காதுகுத்துக்கு இப்படிப் போட்டால் மாமன் வகையறா மொத்தமும் பந்தியிலிருந்து எழுந்து போய்விடும். லண்டன் பிரபுக்களோ இந்தக் காய்ந்த கேக்குக்காகத் தவம் கிடந்தார்கள்.

உடை விஷயத்தில் கமிட்டி இன்னும் கறார். ஆண்கள் முழங்காலோடு முடிகிற இறுக்கமான நிஜார்தான் போட வேண்டும். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருக்க வேண்டும். ஒருநாள் நம்ம டியூக் வெலிங்டன் ஜம்மென்று கறுப்பு பேன்ட்டில் வந்து படியேறப் போனார். மண்டபப் பொறுப்பாளர் வில்லிஸ் குறுக்கே வந்து, பேன்ட்டோடு வந்தால் அனுமதி இல்லை என்று பணிவாகச் சொன்னார். “நான் யார் தெரியுமா?” என்று நம்மூர் வட்டச் செயலாளர்கூடக் கேட்டிருப்பார். டியூக் கேட்கவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பி நடந்துவிட்டார். ஒரு பீரங்கிகூட இல்லாமல் வெலிங்டனைத் திருப்பி அனுப்பிய பெருமை வில்லிஸுக்கே!

இதை எழுதி வைத்தவர் கேப்டன் க்ரோனோ என்ற கார்ட்ஸ் ஆபீசர். அதுவும் பல வருஷம் கழித்து, ஞாபகத்திலிருந்து. இன்னொரு கதைப்படி பேன்ட் பிரச்னையே இல்லை; கதவு சாத்துகிற பதினொரு மணிக்கு மேல் ஏழு நிமிஷம் லேட்டாக வந்தாராம். எப்படியோ, இரண்டு கதையிலும் அவர் வெளியேதான் நிற்கிறார்.

இத்தனைக்கும் வெலிங்டன் ஏனோதானோவென்று உடுத்துகிறவர் இல்லை. ‘மைனர்’ என்கிற தோரணையில் அவருடைய ஆபீசர்களே ‘போ’ (Beau) என்று பெயர் வைத்திருந்தார்கள். பேன்ட்டுக்குள் அடங்குகிற மாதிரி பூட்ஸைத் திருத்தித் தரச் சொல்லி, ஹோபி என்ற லண்டன் செருப்புத் தொழிலாளியிடம் ஆர்டர் கொடுத்த ரசிகர். வெலிங்டன் பூட்ஸ் பிறந்த கதை இதுதான். இன்றைக்கு அந்தப் பெயர் சேற்றில் இறங்கப் போடும் ரப்பர் பூட்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பாவம்.

பேன்ட் மேல் சீமாட்டிகளுக்கு அப்படி என்ன கோபம்? அது மாலுமியும் கூலியாளும் போடுகிற உடை. அதைவிட மோசம், பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் உடை. அவர்களுக்கு ‘சான்-குலோத்’ என்றே பெயர். முட்டி நிஜார் போடாதவர்கள் என்று அர்த்தம். இப்போது புரிகிறதா? டியூக்கின் இரண்டு பேன்ட் கால்களுக்கு நடுவில் சீமாட்டிகளுக்குக் கில்லட்டின் தெரிந்திருக்கிறது.

பேன்ட்டை லண்டனில் ஃபேஷனாக்கியதில் பெரும்பங்கு போ (Beau) ப்ரம்மெல் என்பவருக்கு. இவருடைய தாத்தா பெரிய வீட்டுப் பணியாள். பேரனோ இளவரசருக்கே உடை விஷயத்தில் வாத்தியார்! டிரஸ் பண்ண ஐந்து மணி நேரம் ஆகுமாம். கசங்கிய கழுத்துத் துணிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிய வேலையாளிடம் ‘இதெல்லாம் என்ன?’ என்று கேட்டால், சரியாக மடிப்பு விழாமல் தோற்றுப்போனவை என்று பதில் வருமாம். (என் கட்டிலில் இப்போது ஏழு சட்டை தோற்றுக் கிடக்கிறது.) இளவரசரோடு சண்டை, சூதாட்டம், கடன். 1816-ல் மனிதர் பிரான்ஸுக்கு ஓடிப்போனார். கடைசிக் காலத்தில், புத்தி தடுமாறிய பிறகு, அறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, வராத சீமாட்டிகளையெல்லாம் வாசல்வரை போய் வரவேற்பாராம். அந்தப் பார்ட்டியில் மட்டும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

ஆல்மாக்ஸ் காலம் முடிந்தது. பேன்ட் ஜெயித்தது. கப்பலேறி நம்மூருக்கும் வந்து கிளப் வாசலில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நடந்ததுதான் அட்டகாசம். 2014 ஜூலை 11. சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி சட்டையில் வருகிறார். உள்ளே போக முடியவில்லை. லண்டனில் பேன்ட் போட்டதற்காக டியூக் வெளியே. சேப்பாக்கத்தில் பேன்ட் போடாததற்காக நீதிபதி வெளியே! இருநூறு வருஷத்தில் விதி தலைகீழாகப் புரண்டுவிட்டது, வாசல் மட்டும் அசையவில்லை.

ஆனால், டியூக் மாதிரி இந்த விஷயம் சத்தமில்லாமல் திரும்பிப் போகவில்லை. சட்டசபை வரைக்கும் போனது. மறு மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரை உள்ளே விடாவிட்டால் கிளப்பின் லைசென்ஸ் போகும். ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். முட்டி நிஜாருக்குக்கூட இங்கிலாந்தில் இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்ததில்லை.

டியூக்குக்கும் நம் ஊர் புதிதில்லை. இளம் ராணுவ அதிகாரியாக 1798-ல் சென்னைக்கு வந்தவர்தான். ஜார்ஜ் கோட்டையில் அவருடைய குடும்பப் பெயர் சொல்லும் வெல்லெஸ்லி வீடு இருக்கிறது. குன்னூர் பக்கம் வெலிங்டன் என்று ஊரே இருக்கிறது. அந்த ஊரில் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? வெலிங்டன் ஜிம்கானா கிளப்! படியேற விடாமல் ஒரு கிளப் விரட்டியவரின் பெயரில், நீலகிரியில் இன்னொரு கிளப்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பீரோவின் மேல்தட்டிலிருந்து ஜரிகை வேட்டியை உருவினேன். சட்டமே நம் பக்கம்! நண்பருக்கு போன் போட்டு, “வேட்டியில வர்றேன்” என்றேன்.

“தாராளமா வாங்க சார். ஆனா செருப்பு போட்டு வந்துடாதீங்க, கிளப்ல ஷூ கம்பல்சரி” என்றார்.

இப்போது ஜரிகை வேட்டிக்குக் கீழே ஷூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். மனைவி மறுபடி எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்து ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்.