ஒற்றியூர் நீங்கலாக

எழுபத்தெட்டாம் வருஷம் என்று ஞாபகம். பனைமரத்தொட்டி வீட்டில் ராத்திரி சாப்பிட்டு எழுந்த நைனா, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நாளைலேந்து ஹார்பர்ல ரூல்ஸ்படி வேலை."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு விளங்கவில்லை. ரூல்ஸ்படி வேலை செய்வது நல்லதுதானே? அப்படியானால் இத்தனை நாள் நைனா எதன்படி வேலை செய்தார்? அம்மாவுக்கு அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. ஓ.டி. போச்சு, இன்சென்டிவ் போச்சு, கம்மல் சேட்டுக்கடைக்குப் போகப்போகிறது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

நைனா மூட்டை கேங்கில் இருந்தவர். ஹேட்சுக்குள் இறங்கி, கையிலிருக்கும் கொக்கியால் மூட்டையை இழுத்து ஸ்லிங்கில் அடுக்கினால் கிரேன் தூக்கிக்கொண்டு போகும். மற்ற நாட்களில் ஸ்லிங்குக்கு இத்தனை மூட்டை என்ற கணக்கெல்லாம் பேச்சோடு சரி. கயிறு நைந்திருந்தாலும் மேஸ்திரி "போட்ரா, போட்ரா" என்பார், போடுவார்கள். வொர்க் டு ரூல் வந்துவிட்டால் கதையே வேறு. கயிற்றைக் கையில் வாங்கி, புரி புரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கொக்கி தேய்ந்திருக்கிறதா, கிரேன் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு என்ன, ஏணி ஆடுகிறதா. ஏணி ஆடினால் இறங்க மாட்டார்கள். இறங்காதே என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. கொடி இல்லை, கோஷம் இல்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி செய்தார்கள். மூன்றாம் நாள் ஹார்பருக்கு மூச்சு முட்டியது.

சாயங்காலம் நாங்கள் பையன்கள் காசிமேட்டுக் கல்லில் உட்கார்ந்து, உள்ளே இடம் கிடைக்காமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளை எண்ணுவோம். நாலு. மறுநாள் ஏழு. அதற்கும் மறுநாள் பதினொன்று. விளக்கு கூடக்கூட ரூல்ஸ் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். பேச்சுவார்த்தை முடிந்து, எல்லாரும் பழையபடி ரூல்ஸை மறந்ததும் கடல் இருட்டானது. வீட்டில் மீன் குழம்பு கொதித்தது.

அதனால்தானோ என்னவோ, 'ரூல்ஸ்' என்ற சொல்லை இன்றுவரை என்னால் நேராக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எங்கள் பக்கம் அது இங்கிலீஷ் சொல்லே இல்லை. 'ரூல்' என்றால் பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட நோட்டு, தெருவில் ஏட்டு கையிலிருக்கும் தடி. 'ரூல்ஸ்' பன்மையாம், ஆனால் "ஒரு ரூல்ஸ் இருக்குது" என்று ஒருமையில்தான் சொல்லுவோம். கூடவே வரும் வினையைப் பாருங்கள்: ரூல்ஸ் பேசப்படும். "ரொம்ப ரூல்ஸ் பேசாத" என்றால், உனக்குச் செய்ய மனசில்லை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்லாதே என்று பொருள். 2005இல் 'அந்நியன்' வந்தபோது 'ரூல்ஸ் ராமானுஜம்' என்ற பட்டப்பெயருக்குத் தியேட்டரில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. தெருவுக்கு ஒருவர் ஏற்கனவே இருந்தார்.

தமிழ் ஐயா மட்டும் திருத்துவார்: "ரூல்ஸ் இல்லடா, விதி." நல்ல சொல்தான். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து கோப்புகளில் தமிழ் ஏற ஏற, ஆபீஸ் கடிதமெல்லாம் 'விதிகளுக்கு உட்பட்டு' என்று வர ஆரம்பித்தது. ஒருமுறை எங்கள் ஆயாவுக்கு வந்த கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். "விதிப்படி தங்கள் மனு ஏற்கப்படவில்லை." ஆயா தலையாட்டினாள். "கவர்மென்டே சொல்லிட்டாம் பாரு, எல்லாம் விதி." 1984இல் 'விதி' படம் வந்து, டீக்கடைகளில் பாட்டுக்குப் பதில் அதன் கோர்ட் வசன கேசட் ஓடியபோது, இது சட்ட விதியா தலைவிதியா என்று கேட்டேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்றார்.

மீன்பிடிக் குப்பங்களில் இரண்டு சொல்லும் கிடையாது, 'கட்டுப்பாடு'. காகிதத்தில் இருக்காது. ஊர்க்கூட்டத்தில் சொன்னால் சொன்னதுதான். சாவு விழுந்தால் படகு இறங்காது, மீறினால் அபராதம். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் ஜனங்கள் நிஜமாகப் பயந்தது அதற்கு மட்டும்தான்.

எழுதிய ரூல்ஸை வளைக்கிற விஷயத்தில் எங்களுக்கு மூத்தவர் திருவொற்றியூர் சாமி. ராஜா ஒருவர் ஊர்களுக்கெல்லாம் ஓலை அனுப்புகிறார், இன்ன இன்ன வரி என்று. ஓலையைப் பிரித்தால் இரண்டு வரிகளுக்கு நடுவே, யாரும் எழுதாத எழுத்தில், 'ஒற்றியூர் நீங்கலாக' என்று இருக்கிறது. எழுதியது சாட்சாத் சிவன். எழுத்தறியும் பெருமான் என்று பெயரே வந்துவிட்டது. பெரியபுராணமும் இதைச் சொல்கிறது. அரசாணையில் இடைச்செருகல் செய்தவரை உள்ளே வைக்காமல் கருவறையில் வைத்த ஊர் இது. சின்ன வயசில் எனக்கு அதில் பெருமை. உலகத்துக்கெல்லாம் ஒரு ரூல்ஸ், எங்களுக்கு மட்டும் கிடையாது!

கிடையாதுதான். 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் தொடக்கூடாத இடம். 2017இல் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று சூழல் ஆர்வலர்கள் எடுத்துக் காட்டினார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது; இறாலைத் தடவிப் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் இடம். அவர்கள் காலடியில் தண்ணீர் இருந்தது, காகிதத்தில் இல்லை. ஓலையின் நடுவே எழுதத் தெரிந்தவர் சாமி ஒருவர் மட்டுமில்லை போலிருக்கிறது.

அதே வருஷம் ஜனவரி 28 அன்று, அதே எண்ணூரில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரைக்கு வந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்று ஒரு தேசியத் திட்டம் 1996 முதல் அச்சில் இருக்கிறது. கரையில் நான் பார்த்தது பக்கெட். நீலம், சிவப்பு, வீட்டில் குளிக்க வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் பக்கெட். தார் மாதிரி கெட்டியான எண்ணெயை ஆட்கள் அதில் அள்ளிக் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். இப்போது ரூல்ஸ் என்ற சொல்லும் பழசாகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "எல்லாம் நார்ம்ஸுக்குள்ளதான் இருக்குது" என்கிறார்கள். நார்ம்ஸுக்கு நாற்றம் தெரியாது.

சில வருஷம் முன்பு ஒரு நவம்பரில், பென்ஷனுக்காக நைனாவை லைஃப் சர்டிபிகேட் எடுக்கக் கூட்டிப் போனேன். எண்பது தாண்டியவர். கவுன்டரில் ஒரு சின்னப் பெண், நல்ல பெண். "தாத்தா, விரலை நல்லா அழுத்துங்க." அழுத்தினார். சிவப்பு விளக்கு. ஈரத்துணியில் துடைத்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. எதுவும் எடுக்கவில்லை. முப்பது வருஷம் சணல் கயிறும் கொக்கியும் வழித்தெடுத்த கை. ரேகை என்று ஒன்று அதில் மிச்சம் இருந்தால்தானே?

"ஆளு முன்னாடியே நிக்கிறாரேம்மா. கையெழுத்து வாங்கிக்கயேன்" என்றேன்.

"எனக்குப் புரியுது சார். ஆனா ரூல்ஸ்ல இல்ல. சிஸ்டம் எடுத்தாதான்."

நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா சொல்லுது? நானு உசுரோட இல்லியாமா?"

"மெஷின் அப்டி சொல்லுது நைனா. வா, நாளைக்கி வர்லாம்."

அவர் மெஷினுக்கு முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"ரூல்ஸ்படி நானு செத்துட்டேன்ல? செத்தவன் எப்டிடா எழுந்து வருவான்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பின்னால் திரும்பி, வரிசையில் நிற்பவர்களை எண்ணினேன். நாலு. கொஞ்ச நேரம் கழித்து ஏழு.