சிக்குச் சித்தப்பா

குச்சனூர் எப்படி என்று யாராவது கேட்டால், ஊர்க்காரர்கள் சனீஸ்வரர் கோயிலில் ஆரம்பிப்பார்கள். நான் சித்தப்பாவில் ஆரம்பிப்பேன். இரண்டுமே பிடித்தால் லேசில் விடாது. சனியாவது ஏழரை வருஷத்தில் இறங்கிவிடும்.

சித்தப்பா என்று நான் சொல்வது ஒரே ஆளை இல்லை. சுரபி நதிக்கரையில் தொடங்கி மார்க்கையன்கோட்டை, உப்புக்கோட்டை, சின்னமனூர் வரைக்கும் ஊருக்கு நாலு பேராவது இந்த வார்ப்பில் கிடைப்பார்கள். வயது ஐம்பதுக்கு மேல். கொஞ்சம் வாழைத்தோட்டமோ கொஞ்சம் பென்ஷனோ இருக்கும். டிவிஎஸ் 50-இல் மற்ற நாளெல்லாம் உர மூட்டை ஏறும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மஞ்சப்பை உட்கார்ந்திருக்கும். பையின் வாயில் ஒரு தக்கை எட்டிப் பார்க்கும். பையின் ஓட்டை வழியாக நழுவிய தூண்டில் நரம்பு வண்டிக்குப் பின்னால் வால் மாதிரி பறந்து வரும். “அண்ணே, நரம்பு தொங்குது!” என்று யாராவது கத்துவார்கள். சித்தப்பா கையை மட்டும் ஆட்டுவார். அவருக்குத் தெரியாதா என்ன?

மீன் பிடிக்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். காலை ஆறு மணிக்குக் கரையில் துண்டை விரித்து, மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். மூன்று தூண்டில், ஏழெட்டு முள், ஈயக்குண்டு, தக்கை எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாக, குருவிக்கூடு போலத் தொப்பென்று விழும். பத்தரை மணி வரை சிக்கெடுப்பார். இரைக்குக் கொண்டுபோன மைதா உருண்டையைக் காக்கை தூக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் காக்கையை விரட்ட யாருக்கும் தைரியம் வராது. வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் திணித்துக்கொண்டு வீடு வந்து சேருவார்.

“என்ன சிக்குச்சு?” என்பாள் சித்தி.

“சிக்குதான்.”

கத்திரிக்கோல் என்ற பேச்சையே அவரிடம் எடுக்கக் கூடாது. நரம்பை அறுப்பது அவர் அகராதியில் பொண்டாட்டியைத் தள்ளி வைப்பதற்குச் சமம். ஐம்பது ரூபாய் நரம்பைக் காப்பாற்ற ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்ப்பார்.

சிக்கு ஏன் விழுகிறது என்று படித்தவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்று இரண்டு பேர், அமெரிக்காவில் சான் டியாகோவில், நூலை ஒரு பெட்டிக்குள் போட்டு உருட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 3,415 தடவை. சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. அரை மீட்டருக்கும் குட்டையான நூல்தான் தப்பிக்கிறது. 2007-இல் கட்டுரை எழுதினார்கள், 2008-இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “எதுக்குடா மூவாயிரம் தடவை? நம்ம சின்னமனூர் ரோட்டுல ஒரு நடை போய்ட்டு வந்தாப் போதுமே” என்றார்.

சும்மா இருக்கிற ஆளில்லை அவர். முதலில் வாழைமட்டையில் சுற்றி வைத்தார். முள்ளைக் குத்தி வைக்கப் பாந்தமாகத்தான் இருந்தது. நாலு நாளில் மட்டை காய்ந்து சுருங்கியது, சுற்று தொளதொளத்து மொத்தமாகக் கழன்று விழுந்தது. அடுத்து தண்ணீர் பாட்டில். அதைத் தாகமெடுத்த யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் பழைய ஹவாய் செருப்பு. முள் குத்துவதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது, இன்றைக்கும் நான் சிபாரிசு செய்வேன். என்ன, சித்தி அது வெறும் செருப்பென்று நினைத்து ஒருநாள் காலில் மாட்டிவிட்டாள். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

ஸ்கார்பரோவில் இருக்கும், சித்தப்பாவின் அக்கா மகன் ஒருநாள் வீடியோவில் வந்தான். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி குளிர்காலத்தில் பாறையாக உறைந்துவிடும். அதன்மேல் உட்கார்ந்து, பனியில் துளை போட்டு, மத்து நீளத்துக்கு ஒரு குட்டைத் தூண்டிலை விட்டுக்கொண்டிருந்தான். ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாமாம். குளிரில் நைலான் விறைத்துப்போய்ச் சுருள் சுருளாக நிற்கும், நாலு தூண்டிலைச் சேர்த்துச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்து வந்தால் சிக்குத்தான் மிஞ்சும் என்று அழுதான். மைனஸ் பதினைந்து டிகிரி என்றால் நமக்குக் குலை நடுங்கும். சித்தப்பா பனியையும் பார்க்கவில்லை, மீனையும் பார்க்கவில்லை. “மருமகனே, அந்தப் பையை இன்னொரு தடவை காட்டு” என்றார். ஒவ்வொரு தூண்டிலுக்கும் அதில் தனி உறை இருந்தது. முள்ளைத் தூண்டிலிலேயே மாட்டி, நரம்பைத் தொய்வில்லாமல் இறுக்கி, உறைக்குள் செருகியிருந்தான்.

“பாத்தியா? கூட்டுக்குடும்பம்தான் சிக்கலுக்குக் காரணம். ஒவ்வொண்ணுக்கும் தனிக்குடித்தனம் வச்சுரணும்.”

“இத முப்பது வருசத்துக்கு முன்னாடி உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் அடுப்படியிலிருந்து சித்தி.

தோட்டத்தில் கிடந்த பிவிசி பைப்பை மூன்று துண்டாக அறுத்து மூன்று வீடு கட்டியாயிற்று. ஆனால் பழைய குருவிக்கூடு அப்படியே இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது ஓர் ஆடிச் சனிக்கிழமை. ஆண்டிபட்டி சக்கம்பட்டியிலிருந்து கோயிலுக்கு வந்த நெசவுக்கார அம்மா ஒருவர் தண்ணீர் குடிக்கத் திண்ணையில் உட்கார்ந்தார். சித்தப்பா நுனியைத் தேடிப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுப்பதை அவரால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“இழுக்காதீங்கண்ணே. இழுத்தா இறுகும். முனை எங்க ஓடிறப்போகுது? மொதல்ல உப்ப விடுங்க.”

வாங்கிக்கொண்டார். பஞ்சைப் பிரிப்பது போல இரண்டு கையாலும் சிக்கை நாலா பக்கமும் மெல்லத் தளர்த்தினார். கண்ணிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. சித்தப்பா ஐந்து வாரமாகக் கும்பிட்ட முடிச்சு, முடிச்சே இல்லையாம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து படுத்திருந்த வெறும் கண்ணிகள். அரை மணியில் முழு நரம்பும் வெளியே வந்தது. பிறகு கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுப் போட்டுச் சுற்றிக் காட்டினார். வட்டமாகவே சுற்றினால் சுற்றுக்கொரு முறுக்கு ஏறும். எட்டில் ஒரு பக்கம் ஏறுவது மறுபக்கம் இறங்கிவிடும். சின்ன வயதில் பட்டம் விட்டவர்களின் கைக்கெல்லாம் இது தெரியும். பெரிய மனிதராகும்போது மறந்துவிடுகிறது.

“எம்புட்டு மீனு பிடிச்சிருப்பீங்கண்ணே இதுல?”

“சனிக்கெழம அதப் பத்திப் பேசக் கூடாதும்மா” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை நானும் போனேன். பைப்பின் மூடியைத் திறந்தார். தூண்டில் அப்படியே புதுமாப்பிள்ளை போல வெளியே வந்தது. ஐந்தே நிமிஷத்தில் நரம்பு தண்ணீருக்குள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று மனிதருக்குத் தெரியவில்லை. துண்டை விரித்தார், மடித்தார். பையைத் திறந்து பார்த்தார், அதில் எடுக்க ஒன்றும் இல்லை. “இம்புட்டு நேரம் எதுக்குடா இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

தக்கை முங்கியது.

“கட்லாடா! அஞ்சு கிலோ இருக்கும்!” கம்பு வில்லாக வளைந்தது. பிடித்து இழுத்ததில் கரைக்கு வந்தது ஒரு நாலு முழ வேட்டி. அதற்குள் ஒரு பனியன், பனியனுக்குள் இன்னொரு வேட்டி. முந்தின நாள் தலைமுழுகியவர்கள் தோஷம் கழிய ஆற்றோடு விட்டுப்போனவை. மூன்றையும் சுற்றிச் சுற்றி, நரம்பு முப்பது மடிப்பாகப் பின்னியிருந்தது.

திட்டப்போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். சித்தப்பா ஈர வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பல மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி ஒரு பெருமூச்சு. “உப்ப விடணும்... மொதல்ல உப்ப விடணும்...” என்று முணுமுணுத்தபடி ஆரம்பித்தார்.

ஆடிச் சனிக்குக் குச்சனூர் வருகிற அன்பர்களே, உடுத்திய துணியை ஆற்றில் விடாமல் கரையில் ஒரு ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார். சித்தி மட்டும் உங்களை வாழ்த்துவாள், மீன் சட்டியைக் கழுவி வைத்து அவள் காத்திருக்கிறாள்.