ரெண்டாவது வந்தவாசி சண்டை

எம்மா பேத்தி, 1760-ம் வருசம் ஜனவரி 22-ந் தேதி நம்ம ஊர்ல ஒரு சண்டை நடந்துது. ஒரு பக்கம் வெள்ளக்காரன் கூட், எதிர்ல பிரெஞ்சுக்காரன் லாலி. கூட் கெலிச்சான். அதுக்கப்புறம் அத்தாம்பெரிய சண்டைய உன் வூட்லதான் பாக்கறேன். ஒன்றரை வயசுப் புள்ளயோட நெஞ்சுதான் கோட்டை. கற்பூரத் தைலத்தோட உன் மாமியா ஒரு பக்கம், சாம்பிராணித் தட்டோட உங்கம்மா ஒரு பக்கம். எந்தக் கட்சி கெலிச்சாலும் நட்டம் புள்ளைக்குத்தான்.

டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? நெஞ்சுல சளி கட்டிகீது, பெட்ல சேக்கற அளவுக்கு இல்ல, வூட்லயே வச்சிப் பாத்துக்குங்கன்னாங்க. நீ எங்க புள்ளய பாக்கற, போனத்தான பாக்கற!

புள்ள தூங்கறப்ப, இல்ல அழாம மடியில கெடக்கறப்ப சட்டைய தூக்கு. வயிறு ஒருவாட்டி ஏறி எறங்கினா ஒரு மூச்சு. கடியாரத்த வச்சிக்கினு முழுசா ஒரு நிமிசம் எண்ணு. அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கற கணக்க வட்டிக்கடையில வச்சிக்க. ஒரு வயசு முடிஞ்சி அஞ்சுக்குள்ள இருக்கற புள்ளைக்கு 40-ஐத் தொட்டாலே அது வேகமூச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல, ஒரு வயசு ஆவாததுக்கு 50. அதுக்கும் சின்னதுக்கு 60. மூச்ச இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுதான்னும் பாரு. ஆரணித் தறியில ராப்பகலா இழை எண்ணின கண்ணு உன் வூட்டுக்காரனுது. அவன எண்ணச் சொல்லு, அவனும் சும்மாதான கீறான்.

சாம்பிராணிய சாமிக்குக் காட்டச் சொல்லு, அவருக்கு இருமல் வராது. உன் மாமனாரு பீடியும் கொசுவத்தியும் தெருவுக்குப் போவட்டும். கற்பூரம் சின்னப் புள்ள உடம்புல எறங்கினா வலிப்பே வரும்னு மாமியாகிட்ட பதமா சொல்லு. மூக்குல எண்ணெய் வுடற பாட்டி யாராச்சும் வந்தா காபி குடுத்து அனுப்பிடு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போயி புது வியாதி கட்டும். மூக்கு அடைச்சிக்கினா மெடிக்கல்ல உப்புத்தண்ணி சொட்டு மருந்து கீது. பால் குடுக்கறதுக்கு முன்ன ரெண்டு சொட்டு வுடு. காய்ச்சல் அடிக்கிற புள்ளைக்கு ஸ்வெட்டரு, குல்லா, கம்பளி... இது இன்னா ஊட்டியா? லேசா ஒரு சட்டை போட்டு நம்ம கோரைப்பாயில வுடு.

சோறு ரெண்டு வாய் துன்னாலும் போதும், மொறைக்காத. தாய்ப்பால், ரசம், கஞ்சின்னு கொஞ்சங்கொஞ்சமா அடிக்கடி குடு. ஒரு வயசு தாண்டிட்டான், வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் தேன் கலந்து குடுக்கலாம். தாண்டாத புள்ளைக்கு நாக்குல கூட தடவக் கூடாது.

எதுத்த வூட்டுக்காரி மிச்சம் வச்ச இருமல் டானிக்க மட்டும் வாங்காத. 2025-ல மத்தியப் பிரதேசத்து சிந்துவாடாவுல கோல்ட்ரிஃப் டானிக் குடிச்ச புள்ளைங்க கிட்னி கெட்டு செத்துதே, அது எங்க செஞ்சது தெரியுமா? இதோ, காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரத்துல. நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க சோதிச்சதுல நூத்துக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால்னு வந்துது. சுத்தமான விசம். இதுல நையாண்டி பண்ண ஒண்ணுமில்லம்மா. ரெண்டு வயசுக்குள்ள இருமல், சளி டானிக்கே எழுதக் கூடாதுன்னு டில்லியிலேந்தே அந்த அக்டோபர்ல சொல்லிட்டாங்க.

டாக்டரம்மா எழுதின ஆன்டிபயாடிக்க சொன்ன நாள் வரைக்கும் குடு. காய்ச்சல் வுட்டதும் பாதி பாட்டில அடுத்த வருசத்துக்குன்னு சேத்து வைக்க அது ஊறுகா இல்ல. தடுப்பூசி அட்டையயும் ஒருவாட்டி எடுத்துப் பாரு. நிமோனியா ஊசி ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒம்பதாவது மாசம்னு மூணுவாட்டி, கெவுர்மெண்டுல இனாம். வுட்டுப் போயிருந்தா நர்சம்மாவ கேளு.

மூச்சு வேகமானாலோ, நெஞ்சுல குழி விழுந்தாலோ, மொனகினாலோ, பால் குடிக்காம துவண்டு கெடந்தாலோ, ஒதடு நீலம் பாரிச்சாலோ, வலிப்பு வந்தாலோ ரெண்டு சம்பந்தியும் ஒண்ணு சேந்து, "விடியட்டும், காத்தால பாக்கலாம்"னு சொல்லுவாங்க. அந்த ஒரு வாட்டி ரெண்டு பேரு பேச்சயும் கேக்காத. ராத்திரி எந்நேரமானாலும் 108-க்கு போன் போடு.