கறுப்பா, சிவப்பா?

என்னிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. வாசிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, அவ்வளவுதான். 1954-ல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற குடும்பத்துக்கு இது தூரத்துச் சொந்தம். கல்யாணப் பத்திரிகை வைத்தால்கூட வரமாட்டார்கள், அவ்வளவு தூரம். வாங்கி ஆறு வருடமாகிறது. நாலு பாட்டு முக்கால்வாசி தெரியும்.

மீதிக் கால்வாசி ஏன் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். விரல், பயிற்சி, தாளம் எல்லாவற்றையும் விசாரித்து விடுதலை செய்த பிறகு குற்றவாளி கிடைத்தான். பிக்கப் சரியில்லை.

இந்த வியாதி உங்களுக்கும் இருக்கும், வெட்கப்படாதீர்கள். வாக்கிங் போவதற்கு முன்னால் ஷூ வாங்குவோம். எழுதுவதற்கு முன்னால் பேனா வாங்குவோம். நான் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தேன்? எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மின்சார ரயிலில் போகிற ஆள்.

தெரியாதவர்களுக்காக: கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் சோப்புக் கட்டி மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். காயிலில் துளியூண்டு கரண்ட் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கித் தெருவுக்கே சொல்லும். சைக்கிள் டைனமோவின் ஒன்றுவிட்ட தம்பி. டைனமோவாவது வெளிச்சம் கொடுக்கும்.

என் கிட்டாரில் இருந்தவை ஒற்றைக் காயில் பிக்கப்கள். அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. கம்பியை மட்டும் கேட்காது. டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், சுவருக்குள் ஓடும் வயர் என்று எல்லோர் பேச்சையும் ஒட்டுக்கேட்கும். நம் ஊர் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே விடாமல் ஒரு ‘ம்ம்ம்’. சுரம் பார்த்தால் அடிமட்ட ஜிக்கு ஒரு இழை மேலே நிற்கும். ஆறு வருடத்தில் என் கிட்டாரிலிருந்து விடாமல் வந்த ஒரே சுரம் அதுதான். அதற்கும் சுதி சேரவில்லை.

மருந்து ஏற்கனவே இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்குப் படித்துத் தெரிந்துகொண்டேன். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் என்ற பொறியாளர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, ஹம்பக்கர். இரண்டு காயிலைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் தலைகீழாக இணைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி நுழையும் இரைச்சல் எதிரும் புதிருமாக மோதிச் செத்துவிடும். கூடவே ஒரு காயிலின் காந்தத் துருவமும் மற்றதற்கு எதிராக இருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் கூட்டிக்கொள்ளும். 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் ஏறியது. அந்தக் காலத்து காயில்களில் சுற்று எண்ணிக்கை ஒன்றுபோல் ஒன்று இருக்காதாம். அந்தக் கோணல்மாணலுக்குத்தான் இன்று யானை விலை. என் கோணல்மாணலுக்கு இன்னும் மதிப்பு வரவில்லை.

அடுத்து, எந்த ஹம்பக்கர்? பதினைந்து நாள் வீடியோ பார்த்தேன். ஒன்று ‘வார்ம்’, ஒன்று ‘க்ரீமி’, இன்னொன்றில் ‘டாப் எண்ட்’ பட்டுப் போல இருக்கிறதாம். நானும் கண்ணை மூடித் தலையாட்டினேன். கேட்டதெல்லாம் போனின் கடுகு சைஸ் ஸ்பீக்கரில்.

முதலில் வாங்கியது செகண்ட் ஹேண்ட், முழு அளவு ஹம்பக்கர். வீட்டுக்கு வந்து கிட்டார்மேல் வைத்துப் பார்த்தால் பள்ளம் ஒற்றைக் காயில் அளவு. இது அதைப்போல் இரண்டு பங்கு அகலம். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் இதே நிலைமையில் கிட்டார் உடம்பையே வெட்டிக் குடைந்தார். நான் உளி எங்கே என்று கேட்டேன். “எதுக்குங்க?” என்றாள் மனைவி. அந்தக் குரலுக்கு மரியாதை கொடுத்து, ஒற்றைக் காயில் பள்ளத்திலேயே அடங்கும் ஒல்லி ஹம்பக்கர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

அதையும் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? காயிலின் மின்தடையை, அதாவது கிலோ ஓம் பார்த்து. பழையது 6 கிலோ ஓம், புதியது 14. மைலேஜ் மாதிரி, கூடினால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். கம்பி மெலிசானாலே அந்த எண் ஏறிவிடும், அதை மட்டும் வைத்து ஒலியின் ருசி தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. காபியை டம்ளரின் எடையை வைத்து வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபரேஷன். முகப்புத் தகட்டில் 11 திருகாணி. கழற்றி வரிசையாகச் செய்தித்தாள்மேல் வைத்தேன். ஃபேனைப் போட்டது நான்தான். பழைய பிக்கப்பை எடுத்து, உருப்படாத பெரிய ஹம்பக்கரோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினேன். பத்திரப்படுத்தியதில் மட்டும் தவறு இல்லை என்று அன்று நம்பினேன்.

புதிய பிக்கப்பிலிருந்து நாலு கலர் வயர், தோல் உரிந்த ஒரு எர்த் வயர். இணையத்தில் படம் ஒன்றை இறக்கி வைத்திருந்தேன்: கறுப்பு ஹாட், பச்சையும் எர்த்தும் கிரவுண்ட், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து மூடு. கறுப்பு, சிவப்பு என்றால் இந்த ஊரில் வேறு ஞாபகம்தான் வரும். எனக்கு வேறு எந்த ஞாபகமும் வரவில்லை. 25 வாட் சால்டரிங் அயர்ன், பேஸ்ட், ஈயம். மூன்று இடத்தில் சால்டர் பிடித்தது. நாலாவது இடம் மேஜை விரிப்பு.

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தேன். ‘ம்ம்ம்’ பழையதைவிடக் கம்பீரமாகக் கிளம்பியது. கம்பியைத் தட்டினால் தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ‘ஞீங்’. உலகத் தரம் என்பார்களே, அதற்கு நேர் எதிர்த் திசையில் அதே தூரம்.

கீழ் வீட்டு சார் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். கிட்டாரோடு படியிறங்கினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பின் இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தட்டினார். இரண்டிலும் ‘டொக்’ கேட்டது. “ரெண்டுக்கும் உயிர் இருக்கு. பெட்டியில ஒரு பேப்பர் இருந்திருக்குமே தம்பி?”

இருந்தது. மடிப்புக் கலையாமல். பிரித்துப் பார்த்தால் சிவப்புதான் ஹாட். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து மூடவேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கலர் சம்பிரதாயமாம். நான் ஒரு கம்பெனியின் பிக்கப்புக்கு இன்னொரு கம்பெனியின் படத்தை வைத்துத் தாலி கட்டியிருக்கிறேன்.

“அதாவது,” என்றார் சார், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, “இரைச்சல் அடிச்சுக்கணும், பாட்டு கூடணும். நீங்க ஒரு காயிலைத் திருப்பிட்டீங்க. இப்ப இரைச்சல் கூடுது, பாட்டு அடிச்சுக்குது.” இரண்டு காயிலும் கம்பிக்கு அடியில் ஒரே இடத்தில் இல்லாததால்தான் அந்தக் கொசுவாவது பிழைத்ததாம். சேத் லவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கைக்காசு போட்டுத் தலைகீழாகக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் வயரை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். மேலே வந்தேன். தகட்டை மாட்டினேன், 9 திருகாணிதான் இருந்தது. பத்தாவதை அன்று சாயந்திரம் என் மகன் உள்ளங்காலால் கண்டுபிடித்தான். பதினொன்றாவது இன்னும் தலைமறைவு.

ஆம்ப்ளிஃபயர் ஆன். நிசப்தம். ‘ம்ம்ம்’ இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணில் நீர் முட்ட, தெரிந்த நாலில் நன்றாகத் தெரிந்த பாட்டை எடுத்தேன். ஒலி கொழுகொழுவென்று, இரண்டு மடங்கு சத்தமாக வந்தது. பாட்டும் வந்தது, முக்கால்வாசி.

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று முழுவதும் கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் முழுவதும் கேட்ட முதல் கச்சேரி. “எப்படி?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “முன்னாடி அந்த இரைச்சல் இருந்தப்ப இவ்வளவு தப்பு தெரியலைங்க.”

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குப் போடாமல், பழைய பிக்கப்பைத் தேடிப் பரணில் கை விட்டேன். பிஸ்கட் டின் இருந்த இடத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே தேன்குழல்.