மழைக்கும் மார்க் உண்டு

கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் ஒருவனின் நாணயத்தை அறிய ஒரு காலத்தில் சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று போதும். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தலைவலி மாத்திரை எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று இறங்கும். கடைக்காரருக்கு ஒரு விவரம் தெரியும். விடியலில் மழை பிடித்தால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் கூலியும் இல்லை. பாக்கி நீண்டால் அவர் வானத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

இப்போது நாடு முன்னேறிவிட்டது. வானத்தைப் பார்க்கத் தெரியாத நோட்டு வந்துவிட்டது. பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிஆர்ஐஎஸ் என்ற ஏட்டில் உங்கள் கடன் தவணைகளின் கடைசி 12 மாதக் கதை இருக்கும். நேரத்துக்குக் கட்டிய மாதத்துக்கு 0, ஒரு மாதப் பாக்கிக்கு 1, இரண்டு மாதத்துக்கு 2. மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டுக் கடன், கடன் அட்டை எதுவும் தப்பாது. கைபேசி பில் அதில் வராதே என்று நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. நிலுவையைத் தொலைபேசி நிறுவனம் அங்கே பதிந்து வைக்கலாம். சிடிஓஎஸ் 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுகிறது. பள்ளிப் பரீட்சையில் முட்டை வாங்கியவனுக்கும் இங்கே 300 இலவசம். ஏழைக்கு இந்த நாட்டில் கேட்காமலே கிடைப்பது இது ஒன்றுதான்.

கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். சத்தியமான வார்த்தை. ஏடு வைத்திருப்பவர் தகவல் மட்டும் தருகிறார், மறுப்பது வங்கி. வங்கிக்குப் போனால், "சிஸ்டம் தள்ளிடுச்சு அண்ணே, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். கத்தி அடித்தவன் கொல்லன், குத்தியது கத்தி, செத்தவன்தான் குற்றவாளி.

கடன் அட்டை வட்டியில் உள்ள நியாயத்தையும் பாருங்கள். 12 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17. மற்றவர்களுக்கு 18. கையில் காசில்லாதவன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற இந்தப் பொருளாதாரத்தைக் கண்டுபிடித்த மூளைக்குச் சிலை வைக்கலாம்.

சரி, தாமதம் குற்றம்தான். அதே கோலால் எல்லாரையும் அளப்போம்.

நாடு விடுதலை பெற்றது 1957இல். தோட்டத் தொழிலாளிக்கும் சேர்த்துக் குறைந்தபட்சச் சம்பளம் என்று தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி நடைமுறைக்கு வந்தது 2013இல். 56 ஆண்டு. மாதக் கணக்கில் 672. சிசிஆர்ஐஎஸ் கட்டத்துக்குள் அந்த எண் அடங்குமா?

மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற பெயரைச் சொன்னாலே லயத்துப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். 1982இல் சாமிவேலுவின் தலைமையில் ம.இ.கா. தொடங்கியது. இந்தியர்களைத் தொழிலதிபர் ஆக்குகிறோம் என்றார்கள். ஏறத்தாழ 66,000 பேர், 106 மில்லியன் வெள்ளி. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்த பிறகு, 2010இல் இன்னொரு நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வந்தது. போட்டது ஒரு வெள்ளி. வட்டியை விடுங்கள், முதலிலேயே 20 சென் போயிற்று. எந்தத் தலைவரின் மதிப்பெண் குறைந்தது?

இவர்கள் கட்டத் தெரியாத கூட்டமும் இல்லை. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல் அப்போதைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாள் கூலிக்காரர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். எந்தக் கணினியும் அவர்களுக்கு மார்க் போட்டதில்லை.

பெரிய இடத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் 1எம்டிபி என்ற அரசு நிதியம் கட்ட வேண்டிய 5 கோடி அமெரிக்க டாலருக்கு மேலான வட்டித் தவணையைக் கட்டாமல் விட்டது. கேட்டால், அபுதாபி நிறுவனத்தோடு தகராறு என்றார்கள். கைபேசி பில்லில் தகராறு என்று நாம் சொன்னால், முதலில் கட்டு, பிறகு பேசு என்பார்கள். அந்த நிதியத்தின் கடனைக் கடைசியில் சுமந்தது அரசுக் கஜானா. கஜானாவில் சவர்க்காரத்துக்குத் தோட்டத்தான் கொடுத்த ஜிஎஸ்டியும் கிடந்தது. வரி கொடுத்தவனுக்கு மோட்டார் கடன் இல்லை.

2019 ஏப்ரலில் ரந்தாவ் இடைத்தேர்தல் நடந்தபோது, இரண்டு கூட்டணியின் பெருந்தலைகளும் இந்தப் பக்கம் வந்து போனார்கள். அடுத்த தேர்தலுக்கும் வருவார்கள். வரட்டும். வாசலில் கைகூப்பி நிற்கிறவரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டியது இதுதான்: "ஒய்பி, ஓட்டு விண்ணப்பத்துக்கு ஏழு வேலை நாள் ஆகும். ஐசி நகல், போன தடவை கொடுத்த வாக்குறுதிக் கணக்கு, ரெண்டையும் கொண்டு வாங்க. பாக்கி இருந்தா சிஸ்டம் தள்ளிடும். எங்க கையில ஒண்ணும் இல்ல."