அயலூர்த் தேர்தல் நிபுணர்

யாழ்ப்பாணத்துச் சலூனில் கதிரையில் சாய்ந்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். 2021 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. எடுத்த இடங்கள் 133, அ.தி.மு.க. 66 என்று முகத்து நுரை காயுமுன் சொல்லிவிடுவார். போடிநாயக்கனூரில் எந்தச் சமூகத்து வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதும் அத்துப்படி. போடிநாயக்கனூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

"கூட்டணி உடையுமாம் அண்ணை, இனி என்ன நடக்கும்?" என்று கத்தியோடு நிற்கும் தம்பி கேட்பார். அண்ணை விரிவாக ஆலோசனை சொல்வார். சென்னையில்தான் அதைக் கேட்க ஆளில்லை.

இதே அண்ணையிடம் வட மாகாண சபையைப் பற்றிக் கேட்டால், "அது இன்னும் இருக்கோ?" என்பார். நியாயமான கேள்விதான். 2013இல் தெரிவான 38 பேரின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை, ஆளுநர் ஆட்சிதான். சொந்த வீட்டில் அடுப்பு எரியாதவர் பக்கத்து வீட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கிறார். குற்றம் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டிலும் நம்மை மறப்பதில்லை. தேர்தல் வந்தால் கச்சதீவு மேடைக்கு மேடை மிதக்கும். அங்கிருந்து வரும் இழுவைப்படகுகளோ தேர்தல் பார்த்து வருவதில்லை. வலை அறுந்த பருத்தித்துறைக்காரருக்குத் தொகுதிக் கணக்கு வேண்டாம். எந்தக் கட்சி வென்றால் அந்தப் படகுகள் வராது என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதற்குச் சலூனில் எவரிடமும் பதில் கிடையாது.