கடைமடைக்கும் காற்று

கேள்வி: ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’ வாட்சைக் கட்டிக்கொண்டே பம்புசெட்டில் குளிக்கலாமா?
– திருவையாறு வாசகர்

பதில்: கழற்றித் தொட்டி மேட்டில் வைத்துவிடுங்கள். அந்த 30, அசையாத நீரின் அழுத்தத்தை வைத்துச் சொன்ன கணக்கு. கை கழுவும்போது தெறிப்பதையும் தூறலையும் தாங்கும். நீந்த 100 மீட்டர் வாட்ச் வேண்டும். சிலிண்டர் கட்டி முக்குளிக்க, ஐஎஸ்ஓ 6425 தரத்தில் தேறிய ‘டைவர்ஸ்’ வாட்ச்தான். அதில் ஒவ்வொன்றையும், எழுதியிருக்கும் ஆழத்துக்குக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதித்தே அனுப்புவார்கள்.

கேள்வி: டைவர்ஸ் வாட்சின் வளையம் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. ரிப்பேரா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: அதுதான் அதன் புத்தி! இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார்கள். பாறையில் இடித்து வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. நீங்கள் முன்னதாக மேலே வருவீர்கள், அவ்வளவுதான். தப்பினாலும் உயிரின் பக்கமாகத் தப்பட்டும் என்று யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

கேள்வி: சிலிண்டர் ஒரு மணி நேரம் வரும் என்கிறார்களே, பூம்புகார் கடலடியிலும் வருமா?
– சீர்காழி வாசகி

பதில்: வராது. தேசிய கடலியல் நிறுவனத்தார் 1990-களில் அங்கே லாட வடிவ அமைப்பொன்றைக் கண்ட இடம் சுமார் 23 மீட்டர் ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். ஆகவே அங்கே ஒவ்வொரு மூச்சும் 3.3 மடங்கு காற்றைக் குடிக்கும். மேலே ஒரு மணி நேரம் வருவது, கீழே 18 நிமிடத்தில் தீரும்.

கேள்வி: கடலுக்கான ஆழமானி ஆற்றிலும் சரியாகக் காட்டுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. 20 மீட்டரில் அரை மீட்டர் போலக் குறைத்துக் காட்டும். எந்தத் தண்ணீருக்கு அளந்த கருவி என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டைவ் கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லும்போது மற்றவை எதற்கு? கடைசியில் எதைத்தான் நம்புவது?
– பேராவூரணி வாசகர்

பதில்: கம்ப்யூட்டரின் பேட்டரி கடலடியில் தீர்ந்தால் வாட்சும் ஆழமானியும் கரை சேர்க்கும். ஆனால் கண் அடிக்கடி போக வேண்டியது பிரஷர் கேஜுக்கு. 200 பாரில் இறங்கினால், மேலே வந்து சேரும்போதும் 50 பார் மிச்சமிருக்க வேண்டும். உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? மேட்டூரில் 120 அடி நின்றாலும், தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்தால் உங்கள் நாற்று கருகும். முக்குளிப்பவருக்குக் கடைமடை, மேலே திரும்பி வரும் வழி. அதற்கு ஒதுக்கிய காற்றில் கை வைக்காதீர்கள்.